சதிக்கதைகள் ஏன் சாவதில்லை?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், அமெரிக்க அதிபர் கென்னடியைக் கொன்றது யார் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். லீ ஹார்வி ஆஸ்வால்டு தனி ஆளாகத்தான் சுட்டார், கிடைத்திருக்கும் ஆதாரங்கள் அதைத்தான் சொல்கின்றன என்று நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஏற்காதவர்கள்தான் அதிகம். சிலர் கோபப்பட்டிருக்கிறார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், இந்த மாதிரி அரசியல் சதிக்கதைகள் எத்தனை ஆதாரம் காட்டினாலும் ஏன் போகமாட்டேன் என்கின்றன என்று கேட்டிருக்கிறார்கள். பத்திரிகை டெஸ்க்கில் இருந்த காலமெல்லாம் மறுப்புச் செய்திகளோடு மல்லுக்கட்டியவள் நான். எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம் இது. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நாலு வரியில் முடித்துவிட்டீர்களே அம்மா! அறுபது வருடங்கள் தாண்டியும் அமெரிக்காவில் பாதிப் பேருக்கு மேல் அந்த முடிவை நம்பவில்லை. அத்தனை பேரும் ஏமாளிகளா? (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்)

ஏமாளிகள் இல்லை ஐயா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1963இல், கொலை நடந்த சூட்டோடு காலப் நிறுவனம் கருத்துக் கேட்டபோதே 52 சதவீதம் பேர், இதில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்றார்கள். 1976இலும் 2001இலும் அது 81 சதவீதம். 2023இல் 65. இவ்வளவு பேரை முட்டாள்கள் என்று ஒதுக்குபவருக்குத்தான் விஷயம் பிடிபடவில்லை என்பேன்.

கொஞ்சம் அவர்கள் இடத்தில் நின்று பாருங்கள். 1963 நவம்பர் 22. பெரிய வல்லரசின் அதிபர், பட்டப்பகலில், மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, திறந்த காரில் சுடப்படுகிறார். சுட்டவர் என்று பிடிபட்டவருக்கு 24 வயது. எந்த வேலையிலும் நிலைக்காதவர். அவர் வைத்திருந்தது தபாலில் வரவழைத்த பழைய இத்தாலிய ராணுவத் துப்பாக்கி. இரண்டே நாளில் அவரையும், போலீஸ் தலைமையகத்தின் அடித்தளத்திலேயே, தொலைக்காட்சி நேரலையில் நாடே பார்த்துக்கொண்டிருக்க, ஜாக் ரூபி என்ற இரவு விடுதி முதலாளி சுட்டுக் கொன்றுவிடுகிறார். வழக்கு இல்லை, விசாரணை மேடை இல்லை, ஏன் செய்தாய் என்று கேட்க ஆள் உயிரோடு இல்லை. இதைப் பார்த்து ஒருவருக்குச் சந்தேகமே வரவில்லை என்றால்தான் ஆச்சரியம்.

பெரிய விளைவுக்குப் பெரிய காரணம் இருந்தாக வேண்டும் என்று நம் மனம் எதிர்பார்க்கிறது. 1979இல் இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு தலைவரைச் சுட முயன்ற கதை. குறி தப்பியது என்று சிலரிடம் சொன்னார்கள், தலைவர் இறந்துவிட்டார் என்று வேறு சிலரிடம் சொன்னார்கள். இறந்துவிட்டார் என்று கேட்டவர்கள்தான் பின்னால் ஒரு கூட்டம் இருந்திருக்க வேண்டும் என்று அதிகம் நினைத்தார்கள். நிஜத்திலும் பாருங்கள். 1981 மார்ச் 30 அன்று ரீகனை ஒரு இளைஞன் சுட்டான், ஒரு நடிகையின் கவனத்தைக் கவர்வதற்காக. ரீகன் பிழைத்துக்கொண்டார். கென்னடிக்குக் கிளம்பிய கதைகளில் ஒரு சிறு பங்குகூட இதற்குக் கிளம்பவில்லை.

அப்புறம், எந்த நிகழ்ச்சியையும் அளவுக்கு மீறி நெருங்கிப் பார்த்தால் விநோதமான விஷயங்கள் கண்ணில் படத்தான் செய்யும். கொலை நடந்த டல்லாஸ் நகரில் அன்று நல்ல வெயில். கென்னடியின் கார் வந்த பாதையோரம் ஒரே ஒரு மனிதர் மட்டும் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் நின்ற இடத்துக்குப் பக்கத்தில்தான் குண்டு பாய்ந்தது. படங்களில் தெளிவாகத் தெரிகிறது. விடுவார்களா? குடைதான் சிக்னல் என்றார்கள். இல்லை, குடைக்குள்ளேயே விஷ அம்பு எய்யும் கருவி இருந்தது என்று படம் வரைந்து விளக்கியவர்களும் உண்டு. 1978இல் அந்த மனிதரே அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு முன்னால் வந்து, குடையையும் காட்டிச் சாட்சி சொன்னார். கென்னடியின் அப்பா ஜோசப் கென்னடி, இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரிட்டனில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். ஹிட்லரோடு சமரசம் பேசிய பிரதமர் சேம்பர்லினை ஆதரித்தவர். சேம்பர்லின் எங்கே போனாலும் கையில் குடை இருக்கும். அதை நினைவூட்டுகிற மாதிரி ஒரு குடையைக் காட்டி மகனைச் சீண்டலாம் என்று குடை பிடித்த அந்த மனிதர் நினைத்தாராம். அவ்வளவுதான் விஷயம்.

இந்த விளக்கத்தை யாரால் கற்பனை செய்திருக்க முடியும்? பதினைந்து வருடம் எத்தனையோ கெட்டிக்காரர்கள் அந்தப் படங்களை உற்றுப் பார்த்தார்கள். ஒருவருக்கும் இது தோன்றவில்லை. ‘இதற்கு வேறு விளக்கமே இருக்க முடியாது’ என்று யாராவது அடித்துச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடைதான் நினைவுக்கு வரும்.

‘மாயத் தோட்டா’ பற்றியும் உங்கள் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். கென்னடியின் உடலில் புகுந்து வெளியேறிய அதே தோட்டா காரில் அவருக்கு முன்னால் இருந்த டெக்சாஸ் ஆளுநர் கானலியையும் காயப்படுத்தியது என்கிறது, கொலையை விசாரித்த வாரன் ஆணையம். அப்படியானால் அது காற்றிலேயே வளைந்து வளைந்து போயிருக்க வேண்டும் என்று ஒரு படம் போடுவார்கள். அந்தப் படத்தில் இருவரும் ஒரே உயரத்தில், ஒருவருக்கு நேர் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார்கள். உண்மையில் கானலி உட்கார்ந்தது மடக்கு இருக்கையில்; கென்னடியின் இருக்கையைவிடத் தாழ்வு, காரின் உட்புறமாகச் சற்றுத் தள்ளியும் இருந்தது. இருக்கையைச் சரியான இடத்தில் வரைந்தால் தோட்டாவின் பாதை நேராகிவிடுகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, சந்தேகப்பட்டவர்கள் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லாமல் விடமாட்டேன். கொலைக்குச் சில வாரங்களுக்கு முன் ஆஸ்வால்டு டல்லாஸ் எஃப்.பி.ஐ. அலுவலகத்தில் ஒரு குறிப்புச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர் செத்த பிறகு அதை அதிகாரிகளே அழித்துவிட்டார்கள். 1975இல்தான் அது வெளியே தெரிந்தது. கியூபாவின் காஸ்ட்ரோவைக் கொல்ல சி.ஐ.ஏ. மாஃபியா ஆட்களோடு சேர்ந்து திட்டம் போட்டதும் அதே வருடம் செனட் விசாரணையில் அம்பலமானது. இந்த விவரம் வாரன் ஆணையத்துக்குத் தரப்படவே இல்லை. ஆணையத்தின் உறுப்பினர்களில் ஒருவர் யார் தெரியுமா? அந்தத் திட்டங்கள் தொடங்கிய காலத்தில் சி.ஐ.ஏ.வின் தலைவராக இருந்த ஆலன் டல்லஸ்.

கொலையை மறைக்க இதையெல்லாம் செய்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. தங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் மறைத்தார்கள். ஆனால் வெளியே நிற்கும் ஒரு குடிமகனுக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? பொய் சொன்னார்கள் என்பது மட்டும்தான் தெரியும். அதற்குமேல் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: 1979இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே ‘சதி இருந்திருக்கலாம்’ என்று சொன்னதே? (அதே ஆசிரியர்)

சொன்னது உண்மை. போலீஸ் மோட்டார் சைக்கிள் ஒன்றின் மைக் திறந்தபடியே இருந்து, அதில் பதிவான ஒலியில் நாலாவது வெடிச்சத்தம் இருப்பதாக ஒலி நிபுணர்கள் சொன்னார்கள். குழு அதை நம்பித்தான் அந்த முடிவுக்கு வந்தது. அந்தப் பதிவு ஒரு பத்திரிகையோடு இணைப்பாக மெல்லிய பிளாஸ்டிக் இசைத்தட்டில் வந்தது. ஓஹியோ மாநிலத்தில் ஒரு டிரம்ஸ் கலைஞர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். வெடிச்சத்தம் என்று சொல்லப்பட்ட அதே இடத்தில், மங்கலாக ஒரு பேச்சுக்குரல். கொலை நடந்த பிறகு ஷெரிஃப் ரேடியோவில் கொடுத்த உத்தரவு அது. அப்படியென்றால் அந்தச் சத்தங்கள் சுட்டு முடித்து ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்துப் பதிவானவை. 1982இல் தேசிய அறிவியல் கழகத்தின் குழுவும் ஆராய்ந்து அதையே உறுதி செய்தது.

1979 அறிக்கையை மேற்கோள் காட்டுகிறவர்கள் 1982 அறிக்கையைச் சொல்வதில்லை. பலருக்கு அது வந்ததே தெரியாது.

கேள்வி: ஆதாரம் காட்டினால் நம்பிக்கை குறையாது, இன்னும் கெட்டிப்படும் என்று படித்தேன். அப்படியானால் பேசி என்ன பயன்? (கல்லூரி மாணவி ஒருவர்)

நீ படித்தது 2010இல் வந்த ஒரு ஆய்வாக இருக்கும் அம்மா. ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை என்ற திருத்தத்தைப் படித்த பழமைவாதிகள் சிலர், ஆயுதங்கள் இருந்தன என்று, திருத்தத்தைப் படிக்காதவர்களைவிட அதிகமாக நம்பியதாக அதில் தெரிந்தது. உலகம் முழுக்கப் பரவிவிட்டது அந்த முடிவு. பிறகு வேறு இரண்டு ஆய்வாளர்கள் 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களை எடுத்துச் சோதித்தார்கள். 2019இல் முழு ஆய்வும் வெளியானது. அப்படித் திருப்பி அடிப்பது பொது விதியாகத் தெரியவில்லை. பெரும்பாலோர் சரியான தகவலைக் கேட்டதும் கொஞ்சமாவது அதன் பக்கம் நகர்ந்தார்கள். ஆகவே பேசுவதற்குப் பயன் உண்டு. மனம் தளர வேண்டாம்.

சிக்கல் அந்த நகர்வு நிலைக்காமல் போவதில்தான். ஒபாமா அமெரிக்காவில் பிறக்கவில்லை என்ற கதையை எடுத்துக்கொள். 2008லேயே பிறப்புச் சான்றிதழ் காட்டினார்கள். போதாது, முழு நீளச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். 2011 ஏப்ரல் 27 அன்று அதையும் வெளியிட்டார். கருத்துக் கணிப்புகளில் சந்தேகப்பட்டவர்கள் எண்ணிக்கை சட்டென்று குறைந்தது. ஆனால் வருடம் திரும்புவதற்குள் மறுபடி ஏறிவிட்டது. சான்றிதழ் ஒரு நாள் செய்தி. சந்தேகத்தைக் கிளப்புகிறவர்களுக்கோ தினமும் அதே வேலை.

இன்னொன்றும் நடந்தது. வெளியிட்ட அந்தக் கோப்பை கம்ப்யூட்டரில் திறந்து, எழுத்துகள் தனி அடுக்காகவும் பின்னணி தனி அடுக்காகவும் பிரிகின்றன, ஆகவே ஒட்டி வெட்டிச் செய்த போலி என்றார்கள். ஸ்கேன் செய்யும் கருவிகள் கோப்பின் அளவைக் குறைக்கத் தாமாகவே அப்படிப் பிரித்து வைக்கும். அவர் பிறந்த 1961 ஆகஸ்டிலேயே, அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் அவர் பிறந்த ஹொனலுலு நகரின் இரண்டு நாளிதழ்களில் பிறப்பு அறிவிப்பு வந்திருக்கிறது. அதற்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? அப்போதே திட்டமிட்டுப் போட்டுவிட்டார்களாம். இந்தக் கட்டம் வந்துவிட்டால், எதிராக வரும் ஆதாரமே சதியின் ஒரு பகுதியாகிவிடுகிறது. சதி செய்தவர்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள் என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது.

2020 அமெரிக்கத் தேர்தலில் மோசடி செய்துதான் ட்ரம்பைத் தோற்கடித்தார்கள் என்ற பேச்சிலும் இதே கதைதான். ஜார்ஜியாவில் ஏறக்குறைய 50 லட்சம் வாக்குச்சீட்டுகளைக் கையாலேயே மறுபடி எண்ணினார்கள். அரிசோனாவின் மாரிகோப்பா மாவட்டத்தில் ட்ரம்ப் கட்சியினரே தங்களுக்குப் பிடித்த நிறுவனத்தை வைத்து எண்ணவைத்தார்கள். 2021 செப்டம்பரில் முடிவு வந்தது: பைடனுக்கு 99 வாக்குகள் கூடின, ட்ரம்புக்கு 261 குறைந்தன. நம்பியவர்களில் எத்தனை பேர் அதற்குப் பிறகு மாறினார்கள் என்று நினைக்கிறாய்? பேச்சு அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டது.

கேள்வி: நீங்கள் டெஸ்க்கில் இருந்தவர். பத்திரிகைகள் மறுப்புச் செய்தி போட்டும் மக்கள் ஏன் பழைய செய்தியையே நினைவில் வைத்திருக்கிறார்கள்? (செய்தித் துறையில் இப்போதுதான் சேர்ந்த ஒரு தம்பி)

தம்பி, இந்த முறை வந்த கடிதங்களிலேயே உன் கேள்விதான் எனக்குப் பிடித்தது.

முதல் பக்கத்தில் நாலு காலத்தில் வந்த செய்திக்கு உள்பக்கத்தில் ஒரு காலத்தில் மறுப்பு வரும். அளவு ஒரு காரணம். ஆனால் அளவைச் சரிசெய்தாலும் தீராது. மறுப்பு எப்படி எழுதுவோம் என்று யோசித்துப் பார். ‘அந்த அதிகாரிக்கும் இந்தச் சம்பவத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.’ முற்றுப்புள்ளி. வாசகர் கடிதம் எழுதுவார்: ‘நெருப்பில்லாமல் புகையுமா?’ நான் அங்கே இருந்த காலம் முழுக்க, எந்த மறுப்புக்குப் பிறகும் இந்த ஒரு வரி தவறாமல் வரும். முதலில் எரிச்சலாக இருக்கும். போகப் போக, அவர் நியாயமான ஒன்றைத்தான் கேட்கிறார் என்று எனக்குப் பட்டது. சம்பவம் நடந்தது, அந்த அதிகாரி செய்யவில்லை, சரி. அப்படியென்றால் யார் செய்தது, ஏன் நடந்தது? அதை நாங்கள் சொல்லவே இல்லையே.

1994இல் வெளிவந்த ஒரு பரிசோதனை இருக்கிறது. ஒரு கிடங்கில் தீப்பிடித்த செய்தியைத் துண்டு துண்டாகப் படிக்கக் கொடுத்தார்கள். தொடக்கத்தில், ஓர் அறையில் பெயின்ட் டப்பாக்களும் வாயு உருளைகளும் அசட்டையாக வைக்கப்பட்டிருந்தன என்று வரும். பிறகு ஒரு துண்டில், அந்தத் தகவல் தவறு, அந்த அறை காலியாகத்தான் இருந்தது என்று திருத்தம் வரும். படித்து முடித்தவர்களிடம் கேட்டால் திருத்தம் நினைவிருக்கிறது என்பார்கள். ஆனால் ‘ஏன் அவ்வளவு புகை வந்தது?’ என்று கேட்டால், ‘பெயின்ட் எரிந்திருக்கும்’ என்பார்கள். ‘ஏன் வெடித்தது?’ என்றால், ‘வாயு உருளைகள்.’ அறை காலி என்று தெரிந்தவர்களே!

இன்னொரு குழுவுக்குத் திருத்தத்தோடு கூடவே, யாரோ வேண்டுமென்றே தீ வைத்ததற்கான பொருட்கள் வேறு இடத்தில் கிடைத்தன என்ற தகவலையும் கொடுத்தார்கள். அவர்கள் பெயின்டை விட்டுவிட்டார்கள்.

எல்லாம் இதில் இருக்கிறது தம்பி. சுவரிலிருந்து ஒரு செங்கல்லை உருவினால் அந்த ஓட்டையில் வேறொரு கல்லை வைத்தாக வேண்டும். இல்லையென்றால் பழைய கல்லே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘இது நடக்கவில்லை’ என்பது பாதிச் செய்தி. ‘இதுதான் நடந்தது’ என்று சொன்னால்தான் முழுச் செய்தி. அரசாங்கங்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கின்றன. இரண்டாவது பாதியைச் சொன்னால் தங்கள் அசட்டையோ கையாலாகாத்தனமோ வெளியே வந்துவிடும். எஃப்.பி.ஐ. அந்தச் சீட்டைக் கிழித்த நேரத்தில், ‘இந்த ஆள் எங்கள் கதவு வரை வந்தார், நாங்கள் பொருட்படுத்தவில்லை’ என்று எழுந்து சொல்லியிருந்தால் எத்தனை கதைகளுக்கு இடமில்லாமல் போயிருக்கும்!

நீ மறுப்பு எழுதும்போது இன்னும் ஒரு நாள் கேட்டு வாங்கு. உண்மையில் என்ன நடந்தது என்று விசாரித்து அதை முதல் வரியில் போடு. பொய்யை இரண்டாவது வரியில், ஒரே ஒரு தடவை சொல். தலைப்பில் பொய்யைப் போடவே போடாதே.

கேள்வி: படிப்பறிவு பரவினால் இதெல்லாம் தானாகப் போய்விடாதா? (தனியார் நிறுவன ஊழியர்)

போகாது. நன்றாகப் படித்தவர்களிடம் இன்னும் நேர்த்தியான கதைகள் இருக்கும், அவ்வளவுதான்.

‘சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ என்ற பெயரில், யூதர்கள் உலகையே பிடிக்க ரகசியக் கூட்டம் போட்டுப் பேசியதாகச் சொல்லும் ஒரு ஆவணம் 1903இல் ரஷ்யாவில் ஒரு செய்தித்தாளில் வந்தது. 1921இல் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் அதன் குட்டை உடைத்தது. மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி 1864இல் வந்த ஒரு பிரெஞ்சு அரசியல் நூலிலிருந்து பத்தி பத்தியாகத் திருடியிருக்கிறார்கள். மூலநூலில் யூதர்களைப் பற்றிய பேச்சே கிடையாது. இரண்டு நூல்களின் பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிட்டுக் காட்டியது ‘டைம்ஸ்’. 1935இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர நீதிமன்றமும் அது போலி என்று தீர்ப்பு சொன்னது. இதைவிடப் பளிச்சென்ற மறுப்பை எந்தப் பொய்க்கும் கொடுக்க முடியாது.

என்ன ஆயிற்று? நாஜிகள் அதைப் பள்ளிக்கூடம்வரை கொண்டுபோனார்கள். ஹிட்லரின் பிரசார அமைச்சராக இருந்த கோயபல்ஸ் இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அது போலியாகத்தான் இருக்கும் என்று 1924இலேயே தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு, அதிலுள்ள தகவல்கள் உண்மையில்லை என்றாலும் அதன் உட்கருத்து உண்மை என்று தான் நம்புவதாகச் சேர்த்துக்கொள்கிறார். முன்பே வெறுத்துவிட்டவருக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. வெறுப்புக்கு ஒரு கதை தேவைப்பட்டது, கிடைத்தது. அந்தக் கதை எங்கே கொண்டுபோய் விட்டது என்று உலகம் அறியும். சதிக்கதைகளை வேடிக்கையாகப் பார்க்க என்னால் முடியாததற்கு இதுதான் காரணம்.

கேள்வி: உண்மையிலேயே அரசாங்கங்கள் சதி செய்து பிடிபட்டிருக்கின்றனவே! எல்லாச் சந்தேகத்தையும் சதிக்கதை என்று தள்ளினால் அதிகாரத்தில் இருப்பவர்களுக்குத்தானே லாபம்? (வழக்கறிஞர் ஒருவர்)

நூற்றுக்கு நூறு உங்கள் பக்கம்தான் நிற்பேன். சந்தேகப்படுவது குடிமக்களின் உரிமை.

அலபாமாவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை என்ன செய்தது? சிபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு வைத்தியம் பார்ப்பதாகச் சொல்லி, வைத்தியம் பார்க்காமலே நோய் எப்படி முற்றுகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாத 201 பேர். 1940களில் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. வியட்நாமை ஒட்டிய டான்கின் வளைகுடாவில் 1964 ஆகஸ்ட் 4 அன்று அமெரிக்கக் கப்பல்கள்மேல் நடந்ததாகச் சொன்ன தாக்குதல் நடக்கவே இல்லை. அதைக் காட்டித்தான் வியட்நாம் போருக்கு அனுமதி வாங்கினார்கள். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையின் வரலாற்று ஆய்வாளரே இதைச் சொல்லி எழுதிய ஆய்வு 2005இல் வெளியானது. இப்படிப்பட்ட வரலாறு உள்ள இடத்தில், ‘அரசாங்கம் அப்படியெல்லாம் செய்யாது’ என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். டஸ்கிகீயைக் கேள்விப்பட்டு வளர்ந்த ஒருவர் அரசின் மருந்தைச் சந்தேகப்பட்டால், அந்தச் சந்தேகத்தை விதைத்தது யார்?

ஆனால் இந்த நிஜமான சதிகள் எப்படி வெளியே வந்தன என்பதையும் பாருங்கள். அதிபர் நிக்சனின் எதிர்க்கட்சி அலுவலகம் இருந்த வாட்டர்கேட் கட்டடத்தில் இரவுக் காவலாளி ஒருவர், கதவுத் தாழ்ப்பாள் விழாதபடி ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்து எடுத்துப் போட்டார். அடுத்த சுற்று வந்தபோது மறுபடி ஒட்டியிருந்தது. போலீஸைக் கூப்பிட்டார். ஐந்து பேர் பிடிபட்டார்கள். அது 1972 ஜூன் 17. அந்த ஊடுருவலை மூடிமறைக்கப் பார்த்தது அம்பலமாகி, 1974 ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகினார். டஸ்கிகீயை வெளியே கொண்டுவந்தவர் அதே துறையில் வேலை பார்த்தவர். 1966இலிருந்து மேலிடத்துக்கு எழுதி எழுதிப் பலனில்லாமல் கடைசியில் பத்திரிகையாளர்களிடம் போனார். நிஜமான சதியை விசாரிக்க விசாரிக்க, பெயரும் தேதியும் ரசீதும் சேர்ந்து விஷயம் குறுகித் தெளிவாகிக்கொண்டே போகும். கதையோ விசாரிக்க விசாரிக்கப் பெரிதாகிக்கொண்டே போகும்: முதலில் ஒரு அதிகாரி, பிறகு அந்தத் துறை, பிறகு நீதிபதிகள், பத்திரிகைகள், கடைசியில் மறுத்துப் பேசுகிற எல்லோரும். உங்கள் முன்னால் ஒரு சந்தேகம் வந்தால், அது எந்தத் திசையில் போகிறது என்று சில காலம் கவனியுங்கள். எனக்குத் தெரிந்த நல்ல சோதனை இதுதான்.

கேள்வி: என் அண்ணன் நன்றாகப் படித்த இன்ஜினியர். நிலவுக்கு மனிதன் போகவே இல்லை, ரஷ்யாவை ஜெயிக்க அமெரிக்கா ஸ்டுடியோவில் படம் எடுத்துவிட்டது என்கிறார். காற்றே இல்லாத இடத்தில் கொடி எப்படி அசைந்தது என்று கேட்கிறார். சண்டை போட்டுப் போட்டு இப்போது பேச்சுவார்த்தையே குறைந்துவிட்டது. என்ன செய்யட்டும் அக்கா? (வாசகி ஒருவர்)

முதல் வேலை, அண்ணனோடு பேச்சை மீட்பது. நிலவு எங்கேயும் போய்விடாது.

அப்புறம், அவர் சொல்வதைக் கேளுங்கள். நிஜமாகவே கேளுங்கள். 2024இல் ஓர் ஆய்வு வந்தது. 2,000க்கும் மேற்பட்டவர்கள், தாங்கள் நம்பும் ஒரு சதிக்கதையையும் அதற்கான காரணங்களையும் தங்கள் சொற்களிலேயே எழுதினார்கள். ஒரு செயற்கை நுண்ணறிவு நிரல் அந்தந்தக் காரணத்துக்கு நிதானமாகப் பதில் சொல்லி உரையாடியது. சராசரியாக நம்பிக்கை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோதும் அந்தக் குறைவு அப்படியே இருந்தது. ஐந்தில் ஒரு பங்குதானே என்று நினைக்காதீர்கள், இந்த விஷயத்தில் அது பெரிய நகர்வு. அவரவர் காரணத்துக்கு அவரவருக்கான பதில் கிடைத்ததுதான் வேலை செய்திருக்கிறது. நாம் பொதுவாக என்ன செய்கிறோம்? ‘விஞ்ஞானிகள் எல்லோரும் சொல்கிறார்களே, உனக்குத் தெரிந்துவிட்டதா?’ என்கிறோம். அவர் கேட்டது கொடியைப் பற்றி. கொடிக்குப் பதில் வரவே இல்லை.

கொடிக்குப் பதில் இருக்கிறது. காற்றில்லாத இடத்தில் கொடி தொங்கிவிடும் என்று தெரிந்துதான், மேல் விளிம்பில் ஒரு குறுக்குக் கம்பியைச் செருகித் தைத்திருந்தார்கள். இழுத்து நீட்டுகிற கம்பி. அப்போலோ 11 வீரர்களால் அதைக் கடைசிவரை இழுக்க முடியவில்லை. அதனால் துணி முழுதாக விரியாமல் மடிப்பு மடிப்பாக நின்றது. படத்தில் காற்றில் அலைவதாகத் தெரிவது அந்த மடிப்புகள்தான். கம்பத்தைத் திருகி நடும்போது அசைந்தது நிஜம்; அசைவை அடக்கக் காற்றில்லாததால் கூடுதல் நேரம் ஆடியது. அண்ணன் இன்ஜினியர் என்கிறீர்கள், இது அவருக்கு இரண்டு நிமிடத்தில் புரியும். கொடியின் படத்தில் மேல் விளிம்பைப் பெரிதாக்கிக் காட்டுங்கள்.

ரஷ்யாவை அவரே இழுத்திருப்பதால் அதையும் பேசலாம். அப்போலோ 11 நிலவில் இருந்த அதே நேரத்தில் சோவியத் ரஷ்யாவின் லூனா 15 கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. 1969 ஜூலை 21 அன்று, அமெரிக்கர்கள் அங்கிருந்து கிளம்புவதற்குச் சற்று முன், அது நிலவில் மோதி நொறுங்கியது. பிரிட்டனின் ஜோட்ரல் பேங்க் ரேடியோ தொலைநோக்கி இரண்டின் சமிக்ஞைகளையும் கேட்டுக்கொண்டிருந்தது. அமெரிக்கா பொய் சொல்லியிருந்தால் அதை நிரூபிக்க எல்லா வசதியும், எல்லாக் காரணமும் இருந்தது ரஷ்யாவுக்குத்தான். அவர்கள் சந்தேகம் எழுப்பவே இல்லை. ஏன் என்று அண்ணனையே கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவர் யோசிக்கட்டும்.

மூன்றே விஷயத்தில் கவனமாக இருங்கள். மற்றவர்கள் முன்னால் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். பத்துப் பேர் பார்க்கும்போது யாரும் இறங்கி வரமாட்டார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட நினைக்காதீர்கள். அவர் ஒன்றை விட்டுக்கொடுத்தால், ‘நான்தான் அப்போதே சொன்னேனே’ என்ற வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது.

டஸ்கிகீ, டான்கின் விஷயங்களையும் அவரிடம் சொல்லுங்கள். அரசாங்கங்கள் பொய் சொல்லும் என்ற அவருடைய அடிப்படைச் சந்தேகத்தில் உண்மை இருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டால், அதற்கப்புறம் கொடிக் கம்பியைப் பற்றிப் பேசுவது சுலபமாக இருக்கும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அவருக்கு வேறு கேள்விகள் இருந்தால் அவரையே எழுதச் சொல்லுங்கள், அடுத்த இதழில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.